கல்லிடுக்குத் தாய்மரங்கள்

அனந்தபுரத்துச் செடிக்காரர் செஞ்சி அருகே பக்கமலைக் காட்டுக்குள் நுழைந்தால் சரிவுப் பக்கம் தலையைக்கூடத் திருப்ப மாட்டார். நேராக ஓடையில் இறங்கிவிடுவார். சரிவில் நின்ற நல்ல மரமெல்லாம் அவருடைய தாத்தா காலத்திலேயே விறகாகவும் கரியாகவும் ஏர்க்காலாகவும் ஊருக்குள் வந்து சேர்ந்துவிட்டன. மிச்சம் மீதியை ஆடு மேய்ந்தது. கோடைத் தீ கருக்கியது. ஓடைக்குள் மட்டும் கோடரிக்குச் சரியாக வழி கிடைக்கவில்லை. ஆள் உயரத்துக்கும் மேலான குண்டுக்கற்கள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கிடக்கிற இடத்தில் மரத்தை வெட்டலாம். வெளியே கொண்டுவர முடியாது. வண்டியும் போகாது, தோளில் தூக்கினால் காலும் நிற்காது. அந்தத் தொல்லையால் பிழைத்த நாவலும் வீரையும் தேற்றானும் இன்றைக்கு அவருக்குச் சோறு போடுகின்றன.

நாற்றங்கால் தொழிலில் தாய்மரம் என்று சொல்வது விதைக்காகக் குறித்துவைத்த மரத்தை. நேரான உடம்பு, நோயில்லாத பட்டை, வருடம் தவறாத காய்ப்பு, பக்கத்தில் அதே இனத்தில் வேறு மரங்களும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மகரந்தம் மாறாமல் விதை சோகையாகிவிடும். சாலையோரத்தில் தனியாக நிற்கும் மரத்தின் கீழே ஒரு மணி நேரத்தில் ஒரு மூட்டை பெருக்கி அள்ளலாம். நடவுத் திட்டங்களுக்குப் போகும் விதையில் பெரும்பங்கு அப்படி வருவதுதான். நட்ட கன்றுகள் எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாக நிற்கும். ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வரும். இதைச் சொன்னால் ஒப்பந்தக்காரர்கள் சிரிப்பார்கள். கிலோ கணக்கில் பணம் கொடுக்கிறவருக்கு மரக்கணக்கு எதற்கு?

செடிக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். இளவயதில் ஆரோவில் பக்கத்து நாற்றங்கால் ஒன்றில் பை நிரப்பும் வேலைக்குச் சேர்ந்தவர். ஆரோவில் 1968இல் தொடங்கியபோது அந்த மேடு வெறும் செம்மண் பள்ளமும் மழை அரித்த வாய்க்காலுமாகக் கிடந்தது. முதலில் எது வேகமாக வளருமோ அதை நட்டார்கள். பிறகுதான், இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்த காடு எது என்ற கேள்வி எழுந்தது. விடை அதிக தூரத்தில் இல்லை. மரக்காணம் சாலையில் கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றி ஒரு காடு நிற்கிறது. சாமி காடு என்பதால் யாரும் வெட்டவில்லை. தாவரவியலார் அதை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். வருடத்தில் பாதிக்கு மேல் மழையே பார்க்காத கரையில், குட்டையான, தடித்த, பளபளக்கும் இலையோடு பன்னிரண்டு மாதமும் பச்சையாக நிற்கும் காடு அது. சோழமண்டலக் கரையோரம் துண்டு துண்டாக, பெரும்பாலும் கோயில் நிழலில், எஞ்சியிருக்கிறது. அங்கிருந்து உள்நாட்டுக்கு வந்தால் செஞ்சிக் குன்றுகள். பக்கமலையில் இலையுதிர் காடும் பசுமைமாறாக் காடும் கலந்து கிடக்கின்றன. ஓடைக்குள் இறங்கினால் பசுமைமாறா இனங்களின் கை ஓங்கியிருக்கும்.

சொந்தமாக நாற்றங்கால் வைத்த பிறகு அவர் விதைக்காகக் காடு ஏறுவது வருடத்தில் சில நாட்கள்தான். அதில் ஒன்று 2025ஆம் ஆண்டு தை மாதத்தில் வந்தது. கூட வந்தவர் அவருடைய பால்ய நண்பர், கிணறு வெட்டுகிறவர். ஒருவர் மற்றவரை மச்சான் என்பார். அவர் இவரை மாமா என்பார். உறவு ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உறவுதான்.

“ஊர்ல கிணறு எல்லாம் ரொம்பி வழியுது. எவன் என்னக் கூப்புடப் போறான்? நீ போற எடத்துக்கு நானும் வரேன் மச்சான்” என்று கிளம்பிவிட்டார்.

கிணறு வழிந்ததற்குக் காரணம் ஃபெஞ்சல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய அந்தப் புயல், கரையேறிய பிறகும் நகராமல் அதே இடத்தில் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. ஒரு முழு வருடத்துக்கு இங்கே பெய்வதில் கிட்டத்தட்ட பாதி அது. செஞ்சிப் பக்கத்துக் குன்றுகளில் விழுந்த தண்ணீர் சங்கராபரணி என்றும் வராக நதி என்றும் பெயர் கொண்ட ஆற்றில் இறங்கி, வீடூர் அணையைத் தாண்டிக் கரையோரக் கிராமங்களுக்குள் புகுந்தது. 1950களின் கடைசியில் கட்டிய வீடூர் அணையின் உயரம் 32 அடி, கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. இப்படி ஒரு மழைக்கு அது சின்னப் பாத்திரம்.

காப்புக்காட்டுக்குள் நினைத்தபோது போய்விட முடியாது. தமிழ்நாடு வனச்சட்டம் 1882ஆம் வருடத்தது. காய்ந்த சுள்ளியை எடுத்தாலும் கேள்வி உண்டு. விதை எடுக்க வேண்டும் என்றால் இனத்தின் பெயர், அளவு, இடம், நாள் எல்லாம் எழுதி வனச்சரக அலுவலகத்தில் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அனுமதிக் கடிதத்தோடு ஒரு வனக்காவலரும் கூட வந்தார். இள வயது. செடிக்காரரை “அண்ணா” என்றார். கிணற்றுக்காரரைக் கொஞ்ச நேரம் “சார்” என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிறகு அவரும் மாமாவாகிவிட்டார்.

எடுத்துப்போன சாமான்கள் எளிமையானவை. மூங்கில் தொரட்டி ஒன்று. வெளுத்த வேட்டியைக் கிழித்துத் தைத்த துணிப்பைகள். பிளாஸ்டிக் பை ஆகாது. பச்சை விதை மூச்சுவிடும், பைக்குள் வியர்க்கும், மாலைக்குள் புளித்துவிடும். ஒவ்வொரு பைக்குள்ளும் போட அட்டைத் துண்டுகள். எழுத பென்சில். பேனா மை ஈரத்தில் கலங்கிப் போகும். பென்சில் எழுத்து பழச்சாற்றில் ஊறினாலும் நிற்கும். மரம், நாள், ஓடையில் எந்த இடம், பக்கத்தில் நின்ற மரங்கள் எவை, மரத்தில் பறித்ததா கீழே பொறுக்கியதா என்று அட்டையில் எழுதிவிடுவார். இந்த அட்டை இல்லாத விதையை அவர் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டார்.

அடிவாரத்தில் ஓடை மணலாக விரிந்திருந்தது. வெள்ளம் புதிதாகக் கொட்டிய மணல், கால் புதைந்தது. இரண்டு பக்கமும் நொச்சியும் புங்கமும். தலைக்கு மேலே புங்கக் கிளைக் கவட்டையில் காய்ந்த கோரையும் ஒரு ரப்பர் செருப்பும் சிக்கியிருந்தன. தண்ணீர் அவ்வளவு உயரம் போயிருக்கிறது. கிணற்றுக்காரர் கையைத் தூக்கி அளந்து பார்த்தார், எட்டவில்லை.

புங்கம் ஓடைக்கரையில் வரிசை கட்டி நிற்பதற்குக் காரணம் இதே வெள்ளம்தான். அதன் தட்டையான காய் தண்ணீரில் மிதக்கும். நீர்மருதின் ஐந்து சிறகுக் காயும் மிதக்கும். வெள்ளம் வடியும்போது எந்தக் கோட்டில் விட்டுப்போகிறதோ அந்தக் கோட்டில் முளைக்கும். நாவல் அப்படியில்லை. அதன் பழத்தைத் தூக்கிக்கொண்டு போக மைனாவோ வௌவாலோ மரநாயோ வேண்டும். ஓடையில் ஏறிக்கொண்டே எந்த மரம் நீரால் வந்தது, எது வயிற்றால் வந்தது என்று சொல்லிக்கொண்டு போவது செடிக்காரரின் வழக்கம். காவலர் அதை அவர் சொல்லச் சொல்லக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டே வந்தார்.

அரை மணி நேரத்தில் மணல் முடிந்து கல் தொடங்கியது.

செஞ்சிக் குன்றுகளைத் தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள், யாரோ கற்களைக் கொண்டுவந்து குவித்துவிட்டார்கள் என்று நினைப்பார்கள். உண்மையில் குன்று முழுதும் ஒரே பாறை. ஏறத்தாழ 250 கோடி வருடத்துக் கிரானைட்டும் அதன் உறவுக் கற்களும். குறுக்கும் நெடுக்கும் ஓடிய வெடிப்புகளில் தண்ணீர் இறங்கி, மூலைகளை முதலில் அரித்து, கட்டங்கட்டமான பாறையைக் குண்டுக்கற்களாக உருட்டிவிட்டிருக்கிறது. மேலே இருந்த மண் கரைந்து போக, கற்கள் மட்டும் மிஞ்சி நிற்கின்றன. இந்தக் கல்லை நம்பித்தான் ராஜகிரிக் கோட்டை எழுந்தது. மராட்டியர்களின் பன்னிரண்டு கோட்டைகளை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது அதில் தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி மட்டும்தான். கோட்டைக்கும் பல நூறு வருடத்துக்கு முன்பே பல்லவர்கள் இந்த வட்டாரத்துக் கல்லைக் கையாண்டுவிட்டார்கள். மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயிலும் பனமலையில் ராஜசிம்மன் கட்டிய கற்றளியும் அனந்தபுரத்துக்காரர்களுக்கு அக்கம்பக்கம்.

கிணற்றுக்காரருக்கு இந்த வரலாறு பெரிதில்லை. அவர் பார்ப்பது கல்லில் ஓடும் கோடு. “இங்க பாரு, வெடிப்பு எல்லாம் ஒரே தெசையில ஓடுது. கீழ நம்ம ஊரு கெணத்துலயும் இதே தெசைதான். அந்தப் பக்கம் ஜாக்கி போட்டா ஊத்து வரும். இந்தப் பக்கம் போட்டா நூறு அடி போனாலும் தூசிதான் வரும்.” ஜாக்கி என்று அவர் சொல்வது கம்ப்ரசர் வண்டியில் மாட்டிப் பாறையில் துளை போடும் ஜாக் ஹாமரை. அவருடைய அப்பா காலத்தில் கையால் உளி பிடித்துச் சம்மட்டியால் அடித்துத் துளை போட்டார்கள். ஒரு ஆள் ஒரு நாளைக்கு ஓரிரண்டு குழி போட்டால் அதிகம். கல்லின் கோடு தெரியாமல் அடித்தால் அந்தக் கூலியும் வீண். அதனால்தான் அந்தத் தலைமுறை கல்லைப் பார்க்கக் கற்றுக்கொண்டது என்பது அவர் கட்சி. கம்ப்ரசர் வந்தபிறகு யாரும் பார்ப்பதில்லை, எல்லா இடத்திலும் துளைக்கிறார்கள்.

மேலே ஏறியதும் ஓடையின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு வந்தது. வெளிர்நிறப் பாறையை வெட்டிக்கொண்டு, சுமார் இரண்டு ஆள் அகலத்தில், கரையின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போனது. நிலவியலில் இதை டோலரைட் சுவர் என்பார்கள். பழைய பாறையின் வெடிப்பில் உருகிய குழம்பு ஏறி இறுகியது. நம் ஊர்க் கல்குவாரியில் கருப்பு கிரானைட் என்றால் இந்தக் கல்தான். திண்டிவனம் பக்கத்துக் குன்னத்துக் கருப்பு வெளிநாட்டுக்குக் கப்பலேறுகிறது. கிணற்றுக்காரர் அந்தக் கோட்டின்மேல் ஏறி நின்று மேல்பக்கத்தைக் காட்டினார். அங்கே ஒரு மடு, ஆழமாக, பச்சையாக. கோட்டுக்குக் கீழே தண்ணீர் கணுக்கால் அளவுதான்.

“பூமிக்குள்ள வர்ற தண்ணி இந்தக் கருப்பு மேல மோதி நின்னுடும். கோடையில ஓடை காஞ்சாலும் இதுக்கு மேல தோண்டினா தண்ணி இருக்கும். என்ன வேணா பந்தயம்.”

செடிக்காரர் பந்தயம் கட்டவில்லை. அவர் தலையை மேலே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மடுவைச் சுற்றித்தான் பெரிய மரங்கள் அத்தனையும். அடி பருத்த நாவல்கள், வெள்ளைப் பட்டை உரிந்த நீர்மருது, கல்லிடுக்கில் முறுக்கிக்கொண்டு எழுந்த வீரை. இத்தனை வருடமாக அவர் இந்த இடத்தை மரத்தை வைத்து அடையாளம் வைத்திருந்தார். நண்பர் அதைக் கல்லை வைத்துச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு இருவரும் ஓடையில் கறுப்புக் கோடு எங்கே வரும் என்று தேடிக்கொண்டே ஏறினார்கள். அடுத்த கோட்டிலும் மடு இருந்தது, மரமும் இருந்தது. அதற்கடுத்ததில் மடு மட்டும்தான். மரம் ஏன் இல்லை என்பதற்குக் காவலர் விடை வைத்திருந்தார்: அந்த இடத்துக்குப் பக்கவாட்டிலிருந்து ஒரு மாட்டுத்தடம் இறங்குகிறது.

மடுவோரம் அன்றைய முக்கியமான வேலை தேற்றான். தை மாதத்தில் பழம் கறுத்துவிடும். நெல்லிக்காயைவிடச் சிறிய உருண்டை. தோலைக் கிள்ளினால் வழவழப்பான சதை, உள்ளே பெரும்பாலும் ஒரே விதை. கலங்கின தண்ணீரைத் தெளியவைக்கும் தேத்தாங்கொட்டை இதுதான். மண்பானையின் உள்வாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொட்டையைச் சந்தனம்போல் உரைத்து, அதன்மேல் கலங்கல் தண்ணீரை ஊற்றி வைத்தால், விதையிலுள்ள பசைப்பொருள் சேற்றுத் துகள்களை ஒன்றோடொன்று கோத்து அடியில் இறக்கிவிடும். கலித்தொகைக் காலத்திலேயே இந்த வித்தை தெரிந்திருந்தது. இன்றைக்கு நாட்டு மருந்துக் கடையில் கிலோவாகவே கிடைக்கிறது. ஆனால் கடைக் கொட்டை முளைக்காது. வெயிலில் போட்டு வறுத்தெடுத்த விதையில் உயிர் எப்படி இருக்கும்?

தேற்றானுக்குச் சில அடி தள்ளி எட்டி நின்றது. இரண்டும் ஒரே பேரினம், தாவரவியலில் ஸ்ட்ரிக்னோஸ். எட்டியின் விதையில் ஆளைக் கொல்லும் ஸ்ட்ரிக்னைன். தேற்றானின் விதை குடிதண்ணீருக்கு. இலையைப் பார்த்தால் புதியவர் ஏமாறுவார்: இரண்டிலும் அடியிலிருந்து நுனிவரை வளைந்தோடும் நரம்புகள், இரண்டும் எதிரெதிரே. செடிக்காரர் காவலரின் உள்ளங்கையில் இரண்டு விதைகளையும் வைத்துக் காட்டினார். எட்டி விதை சட்டைப் பொத்தானைப்போலத் தட்டை, நடுவில் சிறு குழி, மேலே சாம்பல்நிறப் பட்டு ரோமம். விரலால் தடவினால் ஒரு பக்கமாகப் படியும். தேற்றான் விதை இரண்டு பக்கமும் புடைத்த உருண்டை, வழுவழுப்பு. எட்டிப் பழம் ஆரஞ்சு அளவில், ஆரஞ்சு நிறத்தில், பார்க்க ஆசையாகவே இருக்கும். சதையைக் குரங்கும் மரநாயும் தின்று விதையைத் துப்பிவிடும். மனிதர்கள் அந்தப் பரீட்சைக்குப் போகவேண்டாம் என்றார் செடிக்காரர். பையில் போடும்போது எட்டி ஒன்றுகூடக் கலக்கக் கூடாது என்பதற்காக அன்று எட்டியைத் தொட்ட கையைக் கழுவிய பிறகுதான் தேற்றானில் கைவைத்தார்.

பறிப்பதிலும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். இங்கிலாந்தில் கியூ தாவரவியல் தோட்டம் 2000ஆம் ஆண்டில் திறந்த மில்லேனியம் விதை வங்கி, ஓரிடத்தில் அன்றைக்குப் பழுத்திருக்கும் விதையில் 20 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்று தன் ஆட்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறது. ஆரோவில் பக்கத்து நாற்றங்காலில் கேட்ட அந்த விதியை அவர் தன் பாணியில் மாற்றிக்கொண்டார்: ஐந்து கிளை காய்த்திருந்தால் ஒன்றைத் தொடு. அதிலும் கைக்கு எட்டும் கிளையாகப் பார்க்காமல், மரத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம். பிறகு அடுத்த மரத்துக்கு நட. நடை அதிகம், விதை கம்மி. ஒரு கிலோ தேற்றானுக்கு ஓடை முழுவதும் ஏற வேண்டியிருக்கும். இதனால்தான் அவருடைய விதை விலை கூட. வாங்குகிறவர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள்; இரண்டு மழைக்காலம் கழித்து அவர்களே தேடி வருவார்கள்.

விதை வங்கி என்றதும் எல்லா விதையையும் காயவைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 1973இல் ராபர்ட்ஸ் என்ற விஞ்ஞானி விதைகளை இரண்டாகப் பிரித்தார்: உலர்த்தினால் நீண்டநாள் உயிரோடு இருப்பவை, உலர்த்தினால் செத்துப்போகிறவை. உசிலை முதல் வகை. பல வருடம் கிடக்கும், வெந்நீர் ஊற்றினால்தான் தோல் இளகி முளைக்கும். நாவல் இரண்டாம் வகை. பழம் விழுந்து இரண்டு வாரம் தாண்டினால் பெரும்பாலும் போச்சு. எந்த வங்கியின் குளிர்ப்பெட்டியும் அதைக் காப்பாற்றாது; மண்ணில் ஊன்றுவதைத் தவிர வேறு வழியில்லை. பதிலுக்கு நாவல் ஒரு தாராளம் காட்டும், ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளை வரும். ஆகையால் ஆனி, ஆடியில் நாவல் உதிரும் வாரத்தில் செடிக்காரர் எந்தக் கல்யாணத்துக்கும் போவதில்லை. சொந்தத் தங்கை மகள் கல்யாணத்துக்கே மொய்க்கவரை ஆள் மூலம் கொடுத்தனுப்பியவர். அந்தக் கோபம் அந்த வீட்டில் இன்னும் ஆறவில்லை.

மதியம் ஒரு பாறைக்கூரையின் கீழே உட்கார்ந்தார்கள். கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயம், மோர்மிளகாய், கிணற்றுக்காரர் வீட்டிலிருந்து வந்த நெத்திலிக் கருவாட்டு வறுவல். மேலே பாறையின் உச்சியில் மலைத்தேனீ அடை தொங்கியதால் பேச்சைத் தாழ்த்திக்கொண்டார்கள். பீடி பற்றவைக்கப் போன கிணற்றுக்காரரைக் காவலர் ஒரு பார்வை பார்த்தார். பீடி காதுக்குப் போய்விட்டது.

சாப்பிட்டு முடித்துக் கைகழுவும்போது காவலர்தான் அதைப் பார்த்தார். பாறைக்கூரையின் உள்பக்கம், மழைச்சாரல் படாத இடத்தில், வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. குனிந்து பார்த்தால் முட்டைகள். ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக, சில உடைந்து காலி ஓடாக. தங்கப்பல்லியின் முட்டைகள். பல பல்லிகள் ஒரே பாறையில் முட்டையிடும். வருடக்கணக்காக அதே இடம். 1870இல் பெட்டோம் என்ற ஆங்கிலேய அதிகாரி திருப்பதி மலையிலிருந்து இந்தப் பல்லியை விவரித்தார். அதன்பிறகு நூறு வருடத்துக்கு மேல் அறிவியல் உலகத்தின் கண்ணில் படாமல் இருந்து, 1980களில் கிழக்குத்தொடர்ச்சி மலையில் மறுபடி அகப்பட்டது. செஞ்சிப் பகுதிக் குன்றுகளிலும் பதிவாகியிருக்கிறது. ஈரமான, நிழலான, ஓடையோரப் பாறையிடுக்குகள்தான் அதன் வீடு. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப்பல்லியைத் தொட்டுக் கும்பிட வரிசையில் நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு இப்படி உயிரோடு ஒன்று உண்டு என்று தெரியும்?

“தொடாதீங்க மாமா. வனவிலங்குச் சட்டத்து ஷெட்யூல்ல இருக்கு” என்றார் காவலர்.

“நான் எதுக்குத் தொடறேன்? நான் கல்லத்தான் பாத்துக்கினு இருக்கேன்” என்றார் கிணற்றுக்காரர். அவர் நிஜமாகவே கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெங்காயத் தோல்போல் பாறை ஏடு ஏடாகப் பெயர்ந்திருந்த இடத்தில், ஏட்டுக்கும் ஏட்டுக்கும் நடுவில்தான் பல்லி ஒளிகிறது. குவாரிக்காரர்கள் முதலில் உடைப்பதும் இந்த ஏட்டைத்தான். உளி வைத்தாலே வந்துவிடும்.

அதற்கு மேலே ஓடை செங்குத்தானது. கையையும் காலையும் ஊன்றி ஏற வேண்டிய இடங்கள். கல்லின் ஈரப்பக்கம் பாசி, காய்ந்த பக்கம் சொரசொரப்பு. கிணற்றுக்காரர் வெறுங்காலில் சுலபமாக ஏறினார். நூறு அடி ஆழக் கிணற்றில் கயிற்றைப் பிடித்து இறங்கி ஏறிய கால். ஒரு தட்டைப்பாறையின் நடுவில் மரநாய் எச்சம் கிடந்தது. மரநாய் பெரும்பாலும் இப்படித் திறந்த பாறையில், எல்லோரும் பார்க்கும் இடத்தில் கழிக்கும். செடிக்காரர் குச்சியால் கிளறினார்: நிறைய ஈச்சங்கொட்டை, ஒரு எலியின் தாடை. விதைக்காரனுக்கு மரநாய் ஒரு கூலி வாங்காத வேலையாள் என்பது அவர் கருத்து. சதையைத் தின்று, விதையைச் சுத்தமாக்கி, தாய்மரத்திலிருந்து தூரமாகக் கொண்டுவந்து போடுகிறது. பாலைப்பழக் காலத்தில் இதே பாறையில் பாலை விதை கைநிறையக் கிடைக்கும். பாலை விதைக்கு நாற்றங்கால்களில் தனி மரியாதை. சப்போட்டாவை ஒட்டுக்கட்ட அடிக்கன்றாக வைப்பது பாலையைத்தான். காட்டு மரத்துக்கென்று ஒருவரும் கேட்காத வருடத்திலும் சப்போட்டாக்காரர்கள் கேட்பார்கள். அவருடைய நாற்றங்காலின் மின்கட்டணத்தைக் கட்டுவது பாலைதான் என்று சொன்னால் பொய்யில்லை.

உச்சிக்குப் போகவில்லை. உச்சியில் அவருக்கு வேலையும் இல்லை. வெயில் சாயத் தொடங்கியதும் திரும்பினார்கள். இறங்கும்போதுதான் வெப்பாலை எடுத்தார்: இரட்டைக் காய், நுனி இரண்டும் ஒட்டிக்கொண்டு கவட்டைபோல் தொங்குவது. வெடித்துவிட்டால் பஞ்சோடு விதை காற்றில் போய்விடும். பச்சையாகப் பறித்தால் விதை முதிராது. முனை மட்டும் பழுப்பேறிய காய்களாகப் பார்த்து, கொத்தாகக் கட்டி, துணிப்பைக்குள் தலைகீழாகப் போட்டார். வீட்டில் இரண்டு மூன்று நாளில் பைக்குள்ளேயே வெடிக்கும்.

வழியில் வெள்ளம் சாய்த்த ஒரு நாவல் குறுக்கே கிடந்தது. ஏறும்போது வேறு பக்கமாகப் போனதால் பார்க்கவில்லை. வேர் முழுதும் வெளியே வந்திருந்தது. ஆனால் வேர்ப்பின்னலுக்குள் ஒரு குண்டுக்கல் இன்னும் அப்படியே சிறைப்பட்டிருந்தது. மரம் செத்துவிடவில்லை. மேல்நோக்கிய பக்கத்தில் புதுத் துளிர்கள். காவலர் அதை அறுத்து அப்புறப்படுத்த வேண்டியிருக்குமா என்று கேட்டார். விட்டுவிடச் சொன்னார் செடிக்காரர். படுத்த மரத்தில் காய் எட்டும் உயரத்தில் இருக்கும் என்பது ஒரு காரணம். அதன் பின்னால் மணல் தேங்கி, மணலில் புங்கக் கன்றுகள் ஏற்கெனவே இரண்டிலையோடு நின்றன என்பது இன்னொன்று. தடுப்பணை கட்டச் செலவு செய்கிற இடத்தில் இலவசமாக ஒன்று கிடைத்திருக்கிறது.

இருட்டுவதற்குள் அனந்தபுரம் வந்து, கடைத்தெருவில் டீக்கடை பெஞ்சில் பைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போனதும் தேற்றான் பழங்களைச் சாக்கில் போட்டு மணலோடு தேய்த்துச் சதையைக் கழற்ற வேண்டும். வாளித் தண்ணீரில் கொட்டினால் சொத்தை மிதக்கும், நல்லது அமிழும். நிழலில் ஒரு நாள் ஆறவிட்டு, மணலும் செம்மண்ணும் தொழுவுரமும் கலந்த தாய்ப்பாத்தியில் ஊன்ற வேண்டும். தேற்றான் அவசரப்படாது. முளைக்க வாரக்கணக்கில் ஆகும். சில விதை மாதக்கணக்கில் தூங்கும். பொறுமை இல்லாதவர்கள் பாத்தியைக் கொத்திப் புரட்டி வேறு விதை போட்டுவிடுவார்கள்.

காவலர் ஒன்றை நினைவூட்டினார். பங்குனி பிறந்தால் தீக்காலம். ஆட்களை உள்ளே விடுவதில் கெடுபிடி இருக்கும். பாலைக்கும் நாவலுக்கும் வரவேண்டும் என்றால் மனுவை இப்போதே கொடுப்பது நல்லது. செடிக்காரர் பையைத் துழாவினார். பென்சில்தான் இருந்தது. அலுவலகத்துக்குப் பென்சிலில் எழுதிக் கொடுக்க முடியாது. டீக்கடைக்காரர் கல்லாவிலிருந்து ஒரு பேனா வந்தது. மனு எழுதக் கணக்கு நோட்டில் ஒரு தாளையும் கிழித்துக் கொடுத்தார்.

“என் பேரையும் போடு மச்சான்.”

“நீ எதுக்கு மாமா? மனுல வேலைன்னு ஒரு எடம் இருக்கு. என்னன்னு எழுதறது?”

கிணற்றுக்காரர் யோசித்தார். சித்திரையில் அந்தக் கறுப்புக் கோட்டுக்கு மேலே மணலைத் தோண்டித் தண்ணீர் இருக்கிறதா என்று அவருக்குப் பார்க்க வேண்டும். காப்புக்காட்டில் தோண்டுவதற்கு அனுமதி கேட்டால் மனு அங்கேயே கிழியும் என்று காவலர் சிரித்தார். கடைசியில் செடிக்காரர் எழுதினார்: பாலை, நாவல் விதை சேகரிக்க, சித்திரை முதல் ஆடி வரை, ஓடைப்பகுதி மட்டும், உதவிக்கு ஒரு ஆள்.